சுருக்கம் எங்கே விழுகிறது?

தைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை எப்போதும் காத்திருக்கும். யாராவது துணி எடுக்கப் போனால் துணைக்குக் கூப்பிடுவார்கள். டிரையல் ரூம் வாசலில் அவர்களுடைய கைப்பை, செல்போன், கழற்றிக் கொடுத்த சட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று எனக்குக் காது புளித்துப்போன வாக்கியம் ஒன்று உண்டு: “எனக்கு இதெல்லாம் செட் ஆகாது. என் உடம்புவாகு அப்படி.” ஆண், பெண், ஒல்லி, பருமன், உயரம், குள்ளம் என்ற பேதமே இல்லாமல் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்தால் உடம்பில் ஒரு குறையும் இருக்காது. தோள் தையல் கை மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அல்லது மார்பில் பட்டன் இழுக்கும். அல்லது டாப் சரியாக இடுப்புக்குக் கீழே அகலமான இடமாகப் பார்த்து முடிந்திருக்கும். தப்பு துணியில் இருக்கும், திட்டு உடம்புக்கு விழும்.

எது எடுப்பாக இருக்கும் என்று சொல்ல வருகிற ஆலோசனைகளில் முக்கால்வாசி உடம்பை ஆராய்வதில்தான் தொடங்குகின்றன. நீங்கள் ஆப்பிளா, பேரிக்காயா, மணற்கடிகாரமா என்று கேட்டு, அதற்கேற்ப ஒரு பட்டியலை நீட்டும். எனக்கு இந்தப் பழக்கடை வகைப்பாட்டில் நம்பிக்கை கிடையாது. ஒரே இடுப்பளவு, ஒரே மார்பளவு உள்ள இரண்டு பேரை நிற்க வைத்து ஒரே சட்டையைப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் தோள் சரிந்திருக்கும், இன்னொருவருக்கு நேராக இருக்கும். ஒருவர் லேசாகக் கூன் போட்டு நிற்பார், இன்னொருவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். சட்டை இருவருக்கும் இரண்டு விதமாக விழும். பேரிக்காய் என்ற சொல்லுக்குள் இதெல்லாம் அடங்காது. அதனால் உடம்பைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, போட்டிருக்கும் துணி என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன்.

துணி இழுபடும் இடத்தில் கோடு விழும். மிச்சமாக இருக்கும் இடத்தில் மடிப்பு தொங்கும். அளவு சரியா இல்லையா என்று கண்டுபிடிக்க இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சட்டையின் எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, வயிற்றை எக்கிக்கொள்ளாமல் நில்லுங்கள். ஒரு பட்டனைச் சுற்றி நான்கு பக்கமும் கோடு கிளம்பிப் பெருக்கல் குறி மாதிரி தெரிந்தால் அந்த உயரத்தில் சுற்றளவு பற்றவில்லை. அக்குளிலிருந்து மார்பை நோக்கிக் கோடு ஓடினால் மார்புக்கான இடம் போதவில்லை. முதுகில் இரண்டு கைக்குழிகளுக்கும் (சட்டையோடு கையைச் சேர்த்துத் தைக்கும் வட்டங்கள்) நடுவே குறுக்காகக் கோடு விழுந்தால் முதுகு அகலம் குறைவு. கோடு எங்கிருந்து கிளம்புகிறதோ, அங்கே போய்க் கை வைத்தால் பிரச்சினை கையில் தட்டுப்படும். மாறாக, நெடுக்குவாட்டில் தளர்ந்து தொங்கும் மடிப்புகள் அகலம் கூடிவிட்டது என்று சொல்பவை. குறுக்குவாட்டில் படிப்படியாகக் குவியும் மடிப்புகள் நீளம் கூடிவிட்டது என்று சொல்பவை. பின்னிடுப்பில் சட்டை குவிந்து நிற்பது பல பேருக்கு இருக்கும். கண்ணாடியில் முதுகு தெரியாததால் அது அவர்களுக்குத் தெரியாது. பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

சாய்வாக விழும் மடிப்புதான் ஆளைக் குழப்பும். என் தம்பி விஷயத்தில் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். புதுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கி, இரண்டு பக்கமும், சாய்வாக மூன்று நான்கு மடிப்புகள். “டைட்டா இருக்கு போல அக்கா, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கட்டுமா?” என்றான். கடைகளில் எல்லாரும் செய்வது இதைத்தான், சுருக்கம் தெரிந்தால் பெரிய சைஸ். மேல் சைஸும் போட்டுப் பார்த்தோம். மடிப்பு அப்படியே இருந்தது, கூடவே கை நீளமாகி விரலைத் தொட்டது. பழைய சைஸையே திரும்பப் போடச் சொல்லி, அவனுடைய தோள் நுனியில் அரை இன்ச் அளவுக்குத் துணியைக் கிள்ளி மேலே தூக்கிப் பிடித்தேன். மடிப்பெல்லாம் காணாமல் போயிற்று. அவனுக்குத் தோள் சரிவு. சட்டை நேரான தோளுக்கு வெட்டியது. தோள் நுனிக்கும் துணிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்துக்குள் துணி சரிந்து, கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோள் நேராக, சதுரமாக இருப்பவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். தோள் நுனி துணியை மேலே தள்ள, கழுத்துக்குக் கீழே காலரை ஒட்டிக் குறுக்கே ஒரு மடிப்பு குவியும். இரண்டுக்குமே சைஸ் மாற்றுவது மருந்தில்லை. இதை உடம்புவாகு என்று சொல்லிச் சலித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை, தோள் தையலில் அரை இன்ச் வேலை.

பேன்ட்டிலும் இதே படிப்புதான். தொடையிடுக்கிலிருந்து இடுப்பெலும்பை நோக்கி மீசை மாதிரி கோடுகள் விரிந்தால் இடுப்போ தொடையோ இறுக்கம். பக்கவாட்டுப் பாக்கெட் காது மாதிரி விரிந்து நின்றால் இடுப்பின் அகலமான பகுதியில் துணி போதவில்லை. பாக்கெட்டைத் தைத்து மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். துணி வேறு எங்காவது போய் இழுக்கும். உட்காரும் பகுதிக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் அங்கே துணி மிச்சம். பின்னிடுப்பில் மட்டும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கவலையே படாதீர்கள். பின்பக்க நடுத் தையலில் பிடித்துவிட்டால் போதும், இருப்பதிலேயே எளிதான ஆல்டரேஷன்களில் அது ஒன்று.

ரெடிமேட் உடை யாருக்கும் தலை முதல் கால் வரை கச்சிதமாகப் பொருந்தாது. அதனால் எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் சாமர்த்தியம். நீளம் குறைப்பது, பக்கத் தையலில் பிடிப்பது, இடுப்பைக் குறைப்பது, கையின் நீளத்தைக் குறைப்பது எல்லாம் எளிது. பெரிதாக்க வேண்டுமானால் உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். மலிவான உடைகளில் தையலுக்கு வெளியே கால் இன்ச் கூட இருக்காது. தோள் அகலம், கைக்குழியின் ஆழம், பேன்ட்டின் தொடையிடுக்கு நீளம் இவை மூன்றும் பிடிவாதக்காரப் பகுதிகள். கோட்டின் தோளைக் குறைப்பது என்றால் கையைக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, மறுபடி கட்ட வேண்டும். கூலி புதுக் கோட்டின் பாதி விலைக்கு வந்து நிற்கும். ஆகவே சட்டையோ கோட்டோ, முதலில் தோள். தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். வேண்டுமென்றே இறக்கி வைத்துத் தைக்கும் ஸ்டைல் வேறு. அதில் தையல் தெளிவாக மேல்கையில் இருக்கும். ஒரு இன்ச் மட்டும் கீழே இறங்கி நிற்பது ஸ்டைல் ஆகாது, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரிதான் தெரியும்.

கைக்குழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கைக்குழி தாராளமாக, ஆழமாக இருந்தால் கை சுலபமாக அசையும் என்று தோன்றும். உண்மையில் கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக இருக்கும்போதுதான் கை மட்டும் உயரும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். ஆழமாக இறங்கிய கைக்குழியில் கையைத் தூக்கினால் பக்கத் தையலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், மொத்தச் சட்டையும் மேலேறும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது சைஸ் நம்பர். இந்த எண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். அமெரிக்க வேளாண் துறை 1939-40 வாக்கில் சுமார் 15,000 பெண்களை இன்ச் டேப்போடு அளந்தது, ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள். ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் 1941-இல் அந்த அறிக்கையை வெளியிட்டார்கள். வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அளவு கொடுக்க வந்தவர்களும் தாமாக முன்வந்தவர்கள்தான். அந்தத் தரவை அடிப்படையாக வைத்து 1958-இல் ஒரு சைஸ் தரநிலை வந்தது. நிறுவனங்கள் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1983-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு கணக்கு. அதே இடுப்பளவுக்குச் சின்ன எண்ணைப் போட்டால் வாங்குபவர் மனம் குளிரும் என்று தெரிந்த நிறுவனங்கள் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தன. ஒரு நிறுவனத்தில் மீடியம், அடுத்த நிறுவனத்தில் லார்ஜ் என்றால் இடையில் நீங்கள் பருத்துவிடவில்லை. லேபிள் கழுத்துக்குள் இருக்கிறது, யாரும் படிக்கப் போவதில்லை. சின்ன எண்ணுக்காக இறுக்கத்தை வாங்காதீர்கள். இறுக்கமான உடையில் உடம்பு பெரிதாகத்தான் தெரியும், ஏனென்றால் இழுபடும் கோடுகள் எல்லாம் பார்ப்பவரின் கண்ணை அந்த இடத்துக்கே இட்டுச் செல்லும்.

இதற்கு நேர்மாறான தப்பு, எல்லாவற்றையும் மறைக்கிறேன் என்று கூடாரம் அடித்துக்கொள்வது. வயிற்றை மறைக்கத் தொளதொளவென்று ஒரு டாப். துணி மார்பின் மேட்டிலிருந்து நேரே கீழே விழும். பார்ப்பவர் கண், உள்ளே உடம்பு அந்த அகலத்துக்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். எங்காவது ஒரு இடத்தில் உடம்பின் வடிவம் தெரிய வேண்டும். மணிக்கட்டோ, கழுத்தோ, கணுக்காலோ, இடுப்போ, ஏதாவது ஒன்று. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால்கூடத் தொளதொளப்பு பாதி குறையும்.

சரி, எல்லாருக்கும் தெரிந்த அந்த விதிக்கு வருவோம். குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும், நெடுக்குக் கோடு போட்டால் ஒல்லியாகத் தெரியும். இதைக் கேள்வி கேட்பவரே இல்லை. ஆனால் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1867-இலேயே இதற்கு எதிரான ஒன்றைக் காட்டியிருந்தார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்கள். ஒன்றில் குறுக்குக் கோடுகள், இன்னொன்றில் நெடுக்குக் கோடுகள். குறுக்குக் கோடு போட்ட சதுரம்தான் உயரமாக, ஒடுங்கித் தெரியும். பெண்கள் உடையில் குறுக்குக் கோடு ஆளை உயரமாகக் காட்டும் என்றும் அவரே குறித்துவைத்தார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சனும் கிரியாகி மிகெலிடூவும் இதை உடையணிந்த உருவங்களில் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். குறுக்குக் கோடு ஆளைப் பருமனாகக் காட்டவில்லை. பிறகு 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒல்லியான உருவத்தில்தான் இந்த விளைவு கிடைக்கிறது, பருமனான உருவத்தில் கிடைப்பதில்லை என்று காட்டினார்கள். ஆக, கோட்டின் திசையை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், அதை நம்பி ஏமாறவும் வேண்டாம். தையற்காரியாக நான் சேர்த்துக்கொள்வது ஒன்று உண்டு. அகலமான பட்டைக் கோடுகள் உடம்பின் வளைவில் வளைந்து போகும்போது அந்த வளைவை அப்படியே வரைந்து காட்டும். மெல்லிய, நெருக்கமான கோடுகள் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. நெடுக்குக் கோடும் இறுக்கமான பேன்ட்டில் தொடையருகே அலை அலையாக வளையும். அப்போது ஒல்லியாகக் காட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கறுப்பு மெலிதாகக் காட்டும் என்ற நம்பிக்கையில் மட்டும் விஷயம் இருக்கிறது. இருட்டுப் பின்னணியில் வெளிச்சமான பொருள் உள்ளபடியைவிடப் பெரிதாகத் தெரியும். வெறும் கண்ணுக்குப் பிரகாசமான கோள்கள் பெரிதாகத் தெரிவதை கலிலியோவே கவனித்திருக்கிறார். அதோடு, கறுப்புத் துணியில் நிழல் தெரியாது. மடிப்பு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் நாம் நிழலை வைத்துத்தான் கண்டுகொள்கிறோம். ஆனால் இது பளபளப்பில்லாத கறுப்புக்கு மட்டும்தான். மினுமினுக்கும் கறுப்பு சாட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வெளிச்சக் கோட்டைப் போட்டுக் காட்டும். தோய்த்துத் தோய்த்து வெளுத்த கறுப்பும் கணக்கில் வராது. நான்கு வருடக் கறுப்புப் பேன்ட்டோடு புதுக் கறுப்புச் சட்டை போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

ஒரு நிறம் பக்கத்தில் இருக்கும் நிறத்தைக் கெடுப்பது பற்றிப் பேசினால் செவ்ரூலைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிஷேல் யூஜின் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824-இல் பாரிஸின் கோபலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்தால் செத்துப்போய்த் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் மற்ற இடங்களின் கறுப்பு நூலையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பின் நிறத்தை மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. இதை விரித்து 1839-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். எந்த நிறத் துணி எந்த நிற முகத்துக்குப் பக்கத்தில் என்ன செய்யும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். ஒரு நிறம் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்பது சாரம். பச்சைத் துணி முகத்துக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றும். அடர்சிவப்பு, முகத்தில் இருக்கும் சிவப்பைக் குறைத்துக் காட்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். துணி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வெள்ளைச் சட்டை தாடைக்குக் கீழே வெளிச்சம் பாய்ச்சிக் கண்ணுக்கு அடியில் விழும் நிழலைக் குறைக்கும். போட்டோகிராஃபர்கள் வெள்ளைப் பலகை பிடிப்பது இதற்குத்தான். அழுத்தமான மஞ்சள் தாடையில் மஞ்சள் பூசும். எனவே ‘இந்த நிறத் தோலுக்கு இந்த நிறத் துணி’ என்ற பட்டியல்களை நான் எடுத்துப் பார்ப்பதே இல்லை. துணியைத் தாடைக்குக் கீழே பிடித்து, பகல் வெளிச்சத்தில், முகத்தை மட்டும் பாருங்கள். கண்ணடியில் கருவளையம் கூடித் தெரிகிறதா, உதட்டோரத்து நிழல் அழுத்தமாகிறதா, அல்லது முகம் ஒரே சீராகத் தெளிகிறதா. இரண்டு மூன்று நிறங்களை அடுத்தடுத்து மாற்றிப் பிடித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனியாக ஒன்றை மட்டும் பிடித்தால் தெரியாது. மாநிறம், கறுப்பு என்றால் அடர்நிறம் ஆகாது, வெளிர்தான் எடுக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் முக்கியமாக இதைச் செய்து பார்க்க வேண்டும். கறுத்த தோலில் மயில்நீலமும் குங்குமச் சிவப்பும் நிற்கிற அழகுக்கு முன்னால் சாம்பல் பூத்த வெளிர்நிறங்கள் சோகையாகத் தெரியும். பிடிக்கவே பிடிக்காத, ஆனால் வாங்கிவிட்ட நிறமா? முகத்திலிருந்து தள்ளி, இடுப்புக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். பேன்ட்டின் நிறம் முகத்தை ஒன்றும் செய்யாது.

பகல் வெளிச்சம் என்று அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு துணிகள் வெளியே வந்ததும் வேறு வேறாகத் தெரியும். சாயம் வேறு, விளக்கின் ஒளி வேறு என்பதால் வரும் வினை இது. கருநீலமும் கறுப்பும் மாறிப்போவது எல்லாருக்கும் நடந்திருக்கும். மேட்ச்சிங் தேடிப் போகும்போது வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

நிறத்தைவிட நான் அதிகம் கவனிப்பது உடை எங்கே முடிகிறது என்பதை. ஒவ்வொரு ஓரமும் உடம்பின் குறுக்கே வரையப்பட்ட ஒரு கோடு. டாப்பின் கீழ் ஓரம், கையின் முடிவு, ஸ்கர்ட்டின் விளிம்பு எல்லாமே. அந்தக் கோடு விழும் இடத்தில் கண் நிற்கும். அரைக்கை சட்டை மார்பின் உயரத்துக்குச் சரியாக முடிந்தால் மார்பு அகலமாகத் தெரியும். ஸ்கர்ட் ஆடுசதையின் பருத்த இடத்தில் முடிந்தால் கால் முழுவதும் அந்தப் பருமன் என்று தோன்றும். ஒரு இன்ச் ஏற்றினாலும் இறக்கினாலும் கதையே மாறும். குட்டையாகத் தெரிகிறோம் என்று வருந்துபவர்கள் செருப்பின் உயரத்தை ஏற்றுவதற்கு முன்னால் டாப்பின் நீளத்தைப் பார்க்கலாம். மேலும் கீழும் சரிபாதியாக உடம்பை வெட்டும் டாப் இருப்பதிலேயே மோசம். மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு என்று பிரித்தால் கால் நீண்டு தெரியும். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டாலே பல பேருக்கு இது கிடைத்துவிடும். கண்ணாடி முன் நின்று டாப்பின் ஓரத்தைக் கையால் மடித்து மடித்து ஏற்றிப் பாருங்கள், ஒரு இடத்தில் ‘ஆ, இதுதான்’ என்று தோன்றும். அங்கே குண்டூசி குத்துங்கள்.

துணி ரகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம்தான் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்பார்கள். வழக்கமான டி-ஷர்ட் 150 முதல் 180 வரை இருக்கும். அதற்கு ரொம்பக் கீழே போனால் துணி உடம்பில் ஒட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும். கனமான துணி தன் வடிவத்தில் தானே நிற்கும், அதனால் மேடுபள்ளங்களின் மேல் பாலம் போட்ட மாதிரி போகும். ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் உட்கார எழுந்திருக்கச் சுகம். அந்த இழையை டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் கண்டுபிடித்தார். சூடு பட்டால் அது சீக்கிரம் செத்துப்போகும். அப்படிச் செத்துப்போனால் முட்டியில் பை விழும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். 70 சென்டிமீட்டர் நீளச் சட்டை 5 சதவீதம் சுருங்கினால் மூன்றரை சென்டிமீட்டர் போச்சு. வாங்கும்போது கச்சிதமாக இருந்த பருத்திச் சட்டை ஒரு மாதத்தில் தொப்புளைக் காட்டுவது இதனால்தான். துணியைச் சாய்வாக, 45 டிகிரியில் வைத்து வெட்டும் கிராஸ் கட்டை 1920-களில் பாரிஸின் மடலின் வியோனே பெரிய கலையாகவே ஆக்கினார். உடம்போடு வழிந்து விழும், அழகுதான். ஆனால் தொங்கத் தொங்க இறங்கும். அதனால் வெட்டியதும் ஒரு நாளாவது தொங்கவிட்டுப் பிறகே அடிமடிப்பு தைக்க வேண்டும். அவசரத்தில் தைத்ததென்றால் விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

அப்புறம் சில்லறைத் தப்புகள். வெள்ளை உடைக்கு உள்ளே வெள்ளை உள்ளாடை பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமானது தெரியாது. அளவு தப்பான உள்ளாடைக்கு மேல் எவ்வளவு நல்ல டாப் போட்டும் பயனில்லை. டார்ட், அதாவது மார்பின் வடிவத்துக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல், ஒரு இடத்திலும் மார்பு வேறிடத்திலும் இருக்கும். கோட்டின் பின்பிளவில் பெருக்கல் குறியாகப் போட்டிருக்கும் நூல் தற்காலிகத் தையல், வாங்கியதும் பிரித்துவிட வேண்டும். கையோரத்தில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பட்டையும் அப்படித்தான். அதை அலங்காரம் என்று நினைத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் கத்திரிக்கோலோடு பின்னாலேயே போகலாமா என்று எனக்குக் கை துறுதுறுக்கும். அடர்நிறப் பேன்ட்டை மேல்புறமாக இஸ்திரி போட்டுப் பளபளப்பு ஏற்றுவது இன்னொன்று. திருப்பிப் போட்டுத் தேயுங்கள், அல்லது மேலே ஒரு துணி விரியுங்கள். கட்டம் போட்ட சட்டை வாங்கும்போது பட்டன் பட்டியிலும் பாக்கெட்டிலும் கட்டம் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்த்துத் தைக்கத் துணி கூடுதலாகச் செலவாகும், அதைச் செய்தவர் மற்றதிலும் பெரும்பாலும் ஏமாற்றியிருக்க மாட்டார்.

டிரையல் ரூமில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். உடுத்திய பிறகு நாளில் முக்கால் பங்கு உட்கார்ந்துதான் இருக்கிறோம். உட்கார்ந்தால் இடுப்பும் வயிறும் விரியும். கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், படியேறுவதுபோல் முட்டியை மடக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கை தானாகப் போய் உடையை எங்கே இழுத்துவிடுகிறது என்று கவனியுங்கள். கடையிலேயே அப்படி இழுத்துவிட வேண்டியிருந்தால் அலுவலகத்தில் அதுவே பிழைப்பாகிவிடும். கடைக் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தால் உருவம் மாறித் தெரியும். முதுகுப்பக்கத்தையும் பார்க்க, கூட வந்தவரிடம் போனைக் கொடுத்து இடுப்பு உயரத்தில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துவிடும்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் அலமாரியில் கிடப்பவற்றை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆசையாக வாங்கி, இரண்டு முறை போட்டு, ஏனோ பிடிக்காமல் போனவை எல்லாரிடமும் இருக்கும். கோடு எங்கே கிளம்புகிறது, மடிப்பு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். டெய்லரிடம் போய் “டைட்டா இருக்கு”, “லூசா இருக்கு” என்று பொதுவாகச் சொன்னால் அவர் பக்கத் தையலைத்தான் பிடிப்பார் அல்லது விடுவார், பாவம், வேறென்ன செய்வார். உடையைப் போட்டுக் காட்டி, “அண்ணே, இந்தத் தோள்ல அரை இன்ச் தூக்கினா இந்த மடிப்பு போகுது பாருங்க” என்று கிள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பேன்ட் என்றால் அதோடு போடப்போகும் செருப்பையும் போட்டுக்கொண்டு போங்கள். பருத்தியாக இருந்தால் ஒரு முறை தோய்த்த பிறகு கொடுங்கள்.